அந்த விமர்சகர் சொன்னது சரிதான்

தம்பி,

நீ ஏறிய பஸ் இன்னும் ஆலங்குடியைத் தாண்டியிருக்காது. நான் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நேற்று துணி மடித்துக்கொண்டே நீ சொன்னாய்: “எங்கிட்ட மட்டும் சொன்னாப் பத்தாதும்மா. பாட்ட ஊரே கேட்டுருச்சு. நீங்களும் ஊரு படிக்கிற மாதிரி எழுதிக் குடுங்க. நெட்டுல என் பக்கத்துல போடுறேன்.” முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குத் தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னவள் நான். இன்று நீ எனக்குத் தலைப்புக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் இதைப் படிக்கப்போகிற மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். இடையில் விட்டுவிடாமல் படி.

வருகிற ஆவணியில் உனக்கு நாற்பது முடிகிறது. அதில் இருபது வருடம் மைக்கோடு போயிருக்கிறது. ராப் என்றால் இன்னதென்று நம் பக்கத்தில் யாருக்கும் தெரியாத காலத்தில் சென்னையில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து குழு ஆரம்பித்தாய். இப்போது பாட வருகிற பிள்ளைகள் உன்னை “சீனியர்” என்று சொல்வதாகக் கேள்விப்படும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. ஏனென்றால் இத்தனை வருடத்தில் நான் உன் வேலையை வெளியே சொன்னதே இல்லை. கல்யாண வீட்டில் யாராவது, “ஒங்க மகன் எங்க இருக்காரு?” என்று கேட்டால், “சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனி” என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிடுவேன். ஒருமுறை கீரமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் நான் அப்படிச் சொல்லி வாய் மூடுவதற்குள் அப்பா, “கம்பெனியெல்லாம் இல்லங்க. மேடையில ஏறி வேகமாப் பேசுவான். கைதட்டுவாங்க” என்றார். எதிர்வரிசையில் இருந்தவர் சோற்றுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு அப்பாவிடம் எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா? தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மனுஷனுக்கு இல்லாத வெட்கம் படித்த எனக்கு இருந்தது.

ஏழு வருடத்துக்கு முன்னால் உங்கள் குழுவின் கடைசி ஆல்பம் வந்தது. சென்னையில் பாட்டுகளைப் பற்றி எழுதுகிற ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டாய். அவர் எழுதினால் உங்கள் உலகத்தில் எல்லோரும் படிப்பார்களாம். அந்த ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது மற்ற இருவரையும் விட்டுவிட்டு உன்னைப் பிடித்துக்கொண்டார். திறமை இருக்கிறது, ஆனால் வாயில் இருப்பது இரவல் பேச்சு, இவர் எந்த ஊர்க்காரர் என்று பத்துப் பாட்டுக் கேட்டும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார். மறுவாரம் உங்களுக்குள் சண்டை வந்து குழு உடைந்தது. அதற்கடுத்த வாரம் உன் போன் அணைந்துபோனது. பதினொரு நாள். நானும் அப்பாவும் சென்னைக்கு வந்து, உனக்குத் தெரிந்தவர், தெரியாதவர் வீட்டுப் படியெல்லாம் ஏறி இறங்கினோம். கடைசியில் ஒரு நண்பனுடைய அச்சகத்துக்கு மேலே இருந்த அறையில் தாடியோடு பாயில் உட்கார்ந்திருந்தாய். “அந்தாளு சொன்னது நெசந்தாம்மா. எனக்குன்னு ஒரு பேச்சு இல்ல. எங்க தொலைச்சேன்னுந் தெரியல” என்றாய். எங்கே தொலைத்தாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டேன்.

அதை நீயே பிறகு கண்டுபிடித்துப் பாட்டாகவும் பாடிவிட்டாய். ஆறாம் வகுப்பு. உன் தமிழ் டீச்சர் நான். பாடத்தை வாசிக்கச் சொன்னபோது ‘இலை’யை ‘எலை’ என்றாய். ‘உனக்கு’ என்பதை ‘ஒனக்கு’ என்றாய். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வாசித்தார்கள். அவர்களைத் திருத்திவிட்டு உட்காரச் சொன்னேன். உன்னை மட்டும் பெஞ்சு மேல் ஏறச் சொன்னேன். ஐம்பது தடவை ‘இலை’ என்று சொல்லவைத்தேன். முப்பதாவது தடவையில் உன் உதடு கோணியது. ஐம்பதாவது வரை நிறுத்தவில்லை. புதுக்கோட்டையில் நான் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாள், ஹாஸ்டல் சாப்பாட்டு அறையில், “எலை எங்கிட்டு இருக்கு?” என்று கேட்டேன். டவுன் பெண்கள் சிரித்தார்கள். இரண்டு வருடமும் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கூப்பிட்டார்கள். அந்தப் பயத்தை அப்படியே எடுத்து உன் தலையில் வைத்தேன். ஏழாம் வகுப்புக்கு வந்தபோது நீ வீட்டில், “அம்மா, எனக்குத் தண்ணீர் வேண்டும்” என்று புத்தகம் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாய். “என்ன டீச்சரு, புள்ள ரேடியோவுல நூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுறான்” என்று அப்பா கவலைப்பட்டார். நான் பெருமைப்பட்டேன்.

குழு உடைந்தபின் ஐந்தாறு வருடம் நீ யார் யாருக்கோ விளம்பர வரிகள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். போன சித்திரையில் ஒரு பையும் ஒரு மைக்கும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாய். உரமூட்டை வைக்கிற அறையைக் காலி பண்ணி, சுவரெல்லாம் மெத்தையும் சாக்கும் தொங்கவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டாய். மோட்டார் ஓடினால் சத்தம் உள்ளே வருகிறது என்று நான் தோப்புக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்து, “நிறுத்துங்க, புள்ள பாடுது” என்று அப்பாவிடம் கத்துவேன். மோட்டாரை நிறுத்தலாம், மயிலை நிறுத்த முடியுமா? அது அகவியது ஒரு பாட்டின் பதிவில் அப்படியே விழுந்துவிட்டது. நீயும் விட்டுவிட்டாய். சாயங்காலமானால் வெளியே வந்து அப்பாவிடம் வார்த்தை கேட்பாய். “மம்பட்டியால வரப்ப அணைக்கிறதுக்கு என்ன சொல்லுவீக?” “போன வாரத்துக்கு மொத வாரத்த எப்புடிச் சொல்லுவீக?” என்னிடம் கேட்கவில்லை. தமிழ் டீச்சர் உட்கார்ந்திருக்க, ஒன்பதாவது படித்த மனுஷனிடம் தமிழ் கேட்கிறாயே என்று எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் நீ பேச ஆரம்பித்திருந்தாய். அங்கிட்டு, இங்கிட்டு, வாரேன், போறேன். பெஞ்சு மேல் ஏறிய நாளுக்குப் பிறகு உன் வாயில் நான் கேட்காத சொற்கள். ஆல்பத்துக்குப் பெயரே ‘இங்கிட்டு’ என்று வைத்தாய்.

வெளியிடுவதற்குப் பத்து நாளைக்கு முன் பதினொரு பாட்டையும் எனக்குப் போட்டுக் காட்டினாய். ஏழாவது பாட்டு ‘பெஞ்சு’. கேட்டு முடித்ததும் நான், “இத எடுத்துரு தம்பி. என்கிட்ட படிச்ச புள்ளைகளெல்லாம் கேக்கும்” என்றேன். நீ வாதாடவில்லை. “சரிம்மா” என்று சொல்லி அங்கேயே நீக்கிவிட்டாய். கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்த ‘சரிம்மா’ இரண்டு நாள் என்னை விடவில்லை. ஆறாம் வகுப்பிலும் நீ இப்படித்தான் சரி சொன்னாய். மூன்றாம் நாள் மல்லிகை பறித்துக்கொண்டிருந்தபோது உன்னைக் கூப்பிட்டு, “அந்தப் பாட்டத் திரும்பப் போடு. நானாத்தான் சொல்றேன்” என்றேன். நீ என் மடியிலிருந்த பூவை ஒரு கை அள்ளி மோந்துவிட்டுப் போனாய். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு பாட்டு இருந்தது. ஒன்பதாவது. ‘பெரிய சார்’. அதையும் அன்றே கேட்டேன். பெஞ்சுப் பாட்டை எடுக்கச் சொன்ன வாய் அந்தப் பாட்டுக்குத் திறக்கவில்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஆல்பம் வந்தது. உன் சினேகிதர்கள் பாராட்டினார்கள். திருச்சியிலிருந்து ஒரு பெண், தன் அம்மா பேசுகிற தமிழை ராப்பில் கேட்பது இதுதான் முதல் தடவை என்று எழுதியிருந்தாள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அந்தப் பழைய விமர்சகர் என்ன எழுதுவாரோ என்றே இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் எழுதிவிட்டார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் படித்தேன். முதல் பத்தியே பாட்டு எண்ணிக்கை அதிகம், நாலைத் தூக்கி எறிந்திருக்கலாம் என்று ஆரம்பித்தது. பதினொரு நாள், பாய், தாடி எல்லாம் கண்முன் வந்தது. அப்பாவைக் கொல்லைக்கு இழுத்துப்போய், “புள்ளைய எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. பொழுது சாயிற வரைக்கும் கொண்டாராதீங்க” என்றேன். மோட்டாருக்கு வால்வு வாங்க வேண்டும் என்று அவர் உன்னை அறந்தாங்கிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். நான் உள்ளே போய் வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். உன் சட்டைப் பையில் போன் இருப்பதும், அதற்கு வைஃபை தேவையில்லை என்பதும் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

மூன்று மணிக்கே வந்துவிட்டீர்கள். அப்பா என்னைப் பார்க்காமல் வால்வை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் நழுவினார். நீ பொரித்த மீன் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டு, “அம்மா, வைஃபையப் போடுங்க. காலையில பல்லு வெளக்குறப்பவே படிச்சுட்டேன்” என்றாய். பிறகு மீனைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே முழுவதையும் எனக்கு உரக்க வாசித்துக் காட்டினாய். நாலு பாட்டு அதிகம் என்ற இடத்தில், “நான் மூணுன்னு நெனச்சேன்” என்றாய். தாளம் பத்து வருடப் பழசு என்ற இடத்தில், “அது மட்டும் அநியாயம்” என்றாய். மயில் அகவியதை ஏதோ புதுமையான கருவி ஓசை என்று அவர் வியந்திருந்த இடம் வந்ததும் உனக்குப் புரை ஏறிவிட்டது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். இவர் எந்த ஊர்க்காரர் என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. நீ இன்னொரு துண்டு மீன் எடுத்தாய். நான் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று அடுப்படிக்குப் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். தம்பி, அவர் உன்னைப் புகழ்ந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நிம்மதி வந்திருக்காது. பிடிக்காததையும் படித்துவிட்டுப் பசியோடு சாப்பிடுகிற ஆளாக நீ ஆகிவிட்டாய். இனி எத்தனை பேர் என்ன எழுதினாலும் நான் ஒயரைப் பிடுங்க வேண்டியதில்லை. இதை மட்டும் விட்டுவிடாதே. பாட்டு வந்த நாளில் எப்படிச் சாப்பிடுகிறாயோ, அப்படியே அதைத் திட்டி எழுதிய நாளிலும் சாப்பிடு.

வாசித்து முடித்தபின் நீ ஒன்று கேட்டாய். அவர் ‘பெரிய சார்’ பாட்டைத்தான் ஆல்பத்திலேயே உயர்ந்தது என்று எழுதியிருந்தார். அந்தக் கோபத்தில் கலப்படம் இல்லை என்றார். ‘பெஞ்சு’ பாட்டைப் பற்றி, எல்லோரிடமும் கூர்மையாக இருக்கிற இந்தப் பாடகர் தாயிடம் வந்ததும் கையைத் தளர்த்திவிட்டார், டீச்சரை இவ்வளவு லேசில் விட்டிருக்கக் கூடாது என்று எழுதியிருந்தார். “அது மட்டும் புரியலம்மா. நான் என்ன லேசா விட்டேன்? நடந்தத நடந்த மாதிரிதான பாடிருக்கேன்?” நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். உன்னை ஒருமுறைகூடப் பார்த்திராத, நம் கீரமங்கலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ஒரு மனிதர், வெறும் காதால் கேட்டே, அங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார். அவர் சொன்னது சரிதான். விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன்.

நீ எட்டாம் வகுப்பு. ஆண்டு விழா வந்தது. ஆலங்குடி பஸ் கண்டக்டரைப் போல நீ மேசையில் தாளம் தட்டிக்கொண்டே ஒன்று சொல்வாய். பிள்ளைகள் சுற்றி நின்று கேட்பார்கள்.

“ஏறுற ஆளு இங்கிட்டு வா,
எறங்குற ஆளு அங்கிட்டுப் போ,
சில்லறை கேட்டாச் சிரிக்கிறியே,
டிக்கெட்டக் கேட்டா மொறைக்கிறியே.”

விளையாட்டு சார் அதைக் கேட்டுவிட்டு விழா நிகழ்ச்சிப் பட்டியலில் உன் பெயரைச் சேர்த்தார். பட்டியல் தமிழ் டீச்சரான என் கைக்கு வந்து, பிறகு தலைமை ஆசிரியருக்குப் போக வேண்டும். அவரைத்தான் நாமெல்லாம் பெரிய சார் என்போம். அந்த வருடம் மாவட்டக் கல்வி அதிகாரி சிறப்பு விருந்தினர். தமிழ் டீச்சர் மகன் மேடையேறி அங்கிட்டு இங்கிட்டு என்று பாடினால் அவர் யாரைப் பார்த்துச் சிரிப்பார்? அந்த ஹாஸ்டல் சாப்பாட்டு அறை மறுபடியும் என்னைச் சூழ்ந்துகொண்டது. உன் பெயரை நான்தான் அடித்தேன். வீட்டுக்கு வந்து, “பெரிய சார் வேண்டாமுன்னுட்டாரு தம்பி” என்றேன். நீ நம்பினாய். நான் சொன்ன எதைத்தான் நீ நம்பாமல் இருந்தாய்? அதற்குப் பிறகு நீ பெரிய சாருக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டாய். ஒருநாள் அவரே என்னிடம், “என்ன டீச்சர், ஒங்க பையன் நம்மளக் கண்டா மொகத்தத் திருப்பிக்கிறான்?” என்று கேட்டார். “வளர்ற வயசு சார்” என்றேன். அந்த மேடையை இழந்த ஆத்திரத்தில்தான் ராப் பாட வந்ததாக எத்தனையோ பேட்டிகளில் நீ சொன்னாய். அவற்றையெல்லாம் நான் வாசித்தேன். ஒன்பதாவது பாட்டில், “இருவத்தேழு வருசங் கழிச்சுக் கேக்குறேன், என் பேரு எங்க சாரு?” என்று நீ அடித்தொண்டையில் கேட்கிறாயே, அதைக் கேட்டபோது நான் உன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். “நல்லாருக்கு” என்றேன்.

விமர்சனம் வந்த அடுத்த வாரம் அந்தப் பாட்டு எங்கும் பரவியது. பள்ளியின் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் யாரோ பெரிய சாரின் ஓய்வு விழா போட்டோவைப் போட்டு, இவர்தான் அந்த ஆள் என்று எழுதினார்கள். மாலையும் சால்வையுமாய் நிற்கிறார். அதன் கீழே நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் எழுதக் கூடாததையெல்லாம் எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அன்றைக்கே, உன் பெயரை அடித்தது நான்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த வாழைத்தாரைக் கீழே வைத்துவிட்டு, “எங்கிட்டக்கூடச் சொல்லலியே டீச்சரு” என்றார். பிறகு, “வண்டிய எடுக்கவா?” என்றார்.

ஆலங்குடியில் பெரிய சார் வீட்டில் அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். “வாங்க டீச்சர். ரிட்டயர்டாயி இருவது வருசத்துல ஒருத்தரும் இவரத் தேடி வரல. ஒங்க மகன் புண்ணியத்துல இப்பத் தேடித் தேடித் திட்டுறாங்க” என்றார். உட்காரச் சொல்லவில்லை. சார் சாய்வு நாற்காலியில் இருந்தார். காதில் கருவி மாட்டியிருந்தாலும் சரியாகக் கேட்பதில்லை. நான் மெதுவாக, மூன்று பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். “சத்தமாச் சொல்லுங்க டீச்சர்” என்றார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கையைக் காதில் குவித்து, “என்னது?” என்றார். கடைசியில் தெருவுக்கே கேட்கிற மாதிரி, “அவன் பேர அடிச்சது நீங்க இல்ல சார், நான்! நாந்தான் அடிச்சேன்!” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்ட பெண் எட்டிப் பார்த்தாள். அப்பா வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பெரிய சார் கையை இறக்கினார். “அது எனக்கு அன்னைக்கே தெரியுமே டீச்சர். லிஸ்ட்டு ஒங்ககிட்ட இருந்துதான எங்கிட்ட வந்துச்சு. பெத்தவங்களே வேண்டாங்குறாங்க, நமக்கென்னன்னு கையெழுத்துப் போட்டேன். ஏன்னு ஒரு வார்த்த கேட்டுருக்கலாம். கேக்கல. பாட்டுல பாதி எனக்குச் சேரட்டும்” என்றார். “பாதியும் வேண்டாம், காலும் வேண்டாம். மொதல்ல அந்தப் போட்டோவ எடுக்கச் சொல்லுங்க” என்றார் அவர் மனைவி. அவர் பேச்சில்தான் நியாயம் இருந்தது.

திரும்பி வந்ததும் நேராக உன் அறைக் கதவைத் தட்டினேன். “நீ பாட்டுல கேக்குற பெரிய சாரு, பெரிய சாரு இல்ல தம்பி. நாந்தான்” என்று சொல்லி, நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். உனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கத்தினாய். “ஒன் முன்னாடியே எத்தன தடவ அந்தாளத் திட்டிருக்கேன்! கேட்டுக்கிட்டேதான இருந்த? ஒனக்கு எப்புடி ஆத்தா மனசு வந்துச்சு?” பிறந்ததிலிருந்து என்னை நீங்க என்றே பேசிப் பழகிய பிள்ளை நீ. அன்றைக்கு ‘ஒன்’, ‘ஒனக்கு’ என்றாய். நீ கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாய். எனக்கு அந்தப் பதினொரு நாள் நினைவு வந்துவிட்டது. வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, “செருப்பில்லாமப் போயிருக்கான். எம்புட்டுத் தூரம் போயிருவான்? உள்ள வா” என்றார். நான் அசையவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துக் காலெல்லாம் செம்மண்ணோடு வந்தாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. “சோறு போடுங்க” என்றாய். மறுபடியும் ‘ங்க’ வந்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, “நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்” என்றாய். “இரு தம்பி” என்றேன். அவ்வளவு நிம்மதியாக நான் எந்த வார்த்தையையும் சொன்னதில்லை.

மறுநாள் நீயே ஆலங்குடிக்குப் போனாய். போகும் முன் அந்தக் குழுவில் எழுதி போட்டோவை எடுக்கவைத்தாய். என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு, “பாட்டுல கருப்பு சைக்கிள்னு வருதுல்ல? அவருகிட்ட சைக்கிளே இல்லியாம். மொபட்டுதானாம். மாத்தச் சொன்னாரு” என்றாய். அவர் மனைவி உனக்குக் காபி கொடுத்தாராம். எனக்குக் கொடுக்கவில்லை என்று நான் சொன்னதும் நீ சிரித்தாய். அந்தப் பாட்டை இனி மேடையில் பாடப்போவதில்லை, திரும்ப எழுதப்போகிறேன் என்றாய். அப்போது நீ முதன்முதலாக என்னிடம் வார்த்தை கேட்டாய். என்ன வார்த்தை என்பதை மட்டும் ஊருக்குச் சொல்லமாட்டேன்.

அம்மா என்ற முறையில் சிலது சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருவரைத் திட்டிப் பாடுவதற்கு முன் அவர் வீட்டுக் கதவை ஒருமுறை தட்டிவிடு. ஒருவரை மன்னித்துப் பாடுவதற்கு முன்பும் தட்டு. முழுதாகத் தெரியாததை மன்னித்தால் அது மன்னிப்பு ஆகாது என்று அந்த விமர்சகரின் காதுக்குத் தெரிந்திருக்கிறது. அவரைப் பகையாளியாக நினைக்காதே. உன்னிடம் பாடக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் எந்த ஊர்ப் பேச்சோடு வந்தாலும் அதைத் திருத்தாதே. திருத்தினால் எவ்வளவு சுத்தமாகப் போய்விடும் என்பதை உன்னைப் பெற்றவளைவிட அறிந்தவர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாராவது என்னைத் திட்டி எழுதினால் அழிக்காமல் விட்டுவிடு. சரியானவர் பெயரில் வந்து சேரட்டும். எனக்கும் அறுபத்து நாலு ஆகிறது. யாராவது கேட்டால், “மகன் ராப் பாடுறான்” என்று சொல்லும் வயது வந்துவிட்டது. நேற்று பூக்கடையில் யாரும் கேட்காமலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

இதுவரை எழுதியிருந்தபோது போன் அடித்தது. நீதான். பஸ் புதுக்கோட்டையைத் தாண்டிவிட்டது என்றாய். பின்னால் யாரோ சீட்டுக்குச் சண்டை போடுகிற சத்தம். “அம்மா, புதுப் பாட்டுக்கு ஒண்ணு வேணும். அன்னைக்கு என் பேர எந்தக் கலர் பேனாவுல அடிச்சீங்க?” என்று கேட்டாய். எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். சிவப்பு மை, தம்பி. ஸ்கேல் வைத்து அடித்தேன். கை நடுங்கவில்லை. கோடு நேராகத்தான் விழுந்தது. அப்படியே பாடு.

அம்மா